சீட்டில் எழுதிய தொகை
அஞ்சல் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
முதன்மை அஞ்சல் துறைத் தலைவர்,
தமிழ்நாடு அஞ்சல் வட்டம்,
சென்னை.

பெருமதிப்பிற்குரியீர்,

பழைய வார இதழ்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: வி.பி.பி.யில் அனுப்பி வைக்கப்படும். சோதிட நூல், மூலிகைத் தைலம், தையல் பழகும் புத்தகம், கைக்கடிகாரம் என்று என்னென்னவோ அப்படிப் போயின. வாங்குபவர் விற்பவரைக் கண்டதில்லை. விற்பவருக்கோ வாங்குபவரின் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. முகம் தெரியாத இந்த இருவருக்கும் நடுவில் நின்றது உங்கள் துறை. தபால்காரர் பார்சலோடு வாசலுக்கு வருவார். சீட்டில் எழுதிய தொகையைக் கொடுத்தால் பார்சல் கைக்கு வரும். அந்தப் பணம் மணியார்டராக விற்றவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். 1877இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஏமாற்றுக்காரர்களும் புகுந்தார்கள்தான். கடிகாரம் கேட்டவருக்குச் செங்கல் வந்த கதைகளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆனாலும் ஒன்று மட்டும் மாறியதில்லை. சீட்டில் என்ன தொகை எழுதியிருந்ததோ அதுதான் தொகை. வாசலில் வந்து நின்றபின் தபால்காரர் ஒரு பைசா கூடுதலாகக் கேட்டதில்லை.

அந்தச் சீட்டை உங்களுக்கு நினைவுபடுத்தவே இம்மடல்.

இன்று தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் இணையச் சந்தைகளில் கடை விரித்திருக்கின்றன. அமேசான் தன் உலகளாவிய விற்பனைத் திட்டத்தை 2015இல் இந்திய விற்பனையாளர்களுக்குத் திறந்துவிட்டது. கைவினைப் பொருட்களுக்கென்றே எட்ஸி இருக்கிறது. பழைய பொருளுக்கும் அரிய பொருளுக்கும் ஈபே. நான்கு படம் எடுத்துப் போட்டு விலையைக் குறித்துவிட்டால் மெல்போர்னில் இருப்பவரும் வாங்கலாம், மிலானில் இருப்பவரும் வாங்கலாம். கடை திறக்கக் கைபேசி ஒன்று போதும். ஆர்டர் வந்த பிறகுதான் பாடு தொடங்குகிறது.

பெட்டி கட்டி முடித்த விற்பனையாளரின் மனத்தில் இரண்டு கேள்விகள் நிற்கும். வாங்குபவர் கையில் சேரும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும்? வழியில் ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது? எத்தனை நாளில் சேரும் என்பது இவற்றுக்கு அப்புறம்தான். தாமதத்தை வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். வாசலில் வந்து நிற்கும் எதிர்பாராத வரிச்சீட்டை அவர் பொறுக்க மாட்டார். பார்சலை வாங்க மறுத்துவிடுவார். ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். அந்த நட்சத்திரம் சுங்கத்துறைக்கோ அஞ்சல் துறைக்கோ போய்ச் சேராது. பாய் முடைந்தவர் கணக்கில்தான் ஏறும்.

இதில் உங்கள் துறை ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நியாயமாகாது. 2022 டிசம்பரில் வந்த அஞ்சல் ஏற்றுமதி விதிமுறைகள் நல்ல கதவு ஒன்றைத் திறந்தன. ஏற்றுமதி அறிவிப்பை வீட்டிலிருந்தே கணினியில் பதிவு செய்துவிட்டு, பார்சலை அருகிலுள்ள அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அங்கிருந்து வெளிநாட்டு அஞ்சலகத்துக்கு அதைக் கொண்டுசேர்ப்பது உங்கள் பொறுப்பு. சுங்கச் சோதனை அங்கேயே நடந்துவிடும். இதற்கென்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்றுமதி மையங்களைத் திறந்தீர்கள். கூரியர் கம்பெனியின் பெயர்ப்பலகையைக்கூடப் பார்த்திராத ஊரிலிருந்தும் சரக்கு கடல் தாண்டலாம் என்பது சின்ன விஷயமில்லை. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஒரு சிறு குறையை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அந்த மையத்துக்கு நீங்கள் வைத்த பெயர் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா'. பாய் முடைகிறவருக்கு இது எந்தச் சேதியையும் சொல்லாது. வாசலில் 'அஞ்சலக ஏற்றுமதி மையம்' என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்தால், உள்ளே வரத் தயங்குகிறவர்களில் பாதிப்பேர் படியேறிவிடுவார்கள்.

ஆனால் நீங்கள் திறந்தது இந்தப் பக்கத்துக் கதவு மட்டும். பார்சல் நுழைய வேண்டிய அந்தப் பக்கத்துக் கதவில் என்ன நடக்கிறது என்பதில்தான் விற்பனையாளரின் உயிர் இருக்கிறது.

தனியார் சந்தைகள் இதை எப்படிக் கையாண்டன என்று பாருங்கள். ஈபே 2012இல் அமெரிக்காவில் உலகளாவிய அனுப்புதல் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கே இருக்கும் விற்பனையாளர் வெளிநாட்டு ஆர்டரையும் உள்நாட்டுப் பார்சல் மாதிரியே கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஒரு கிடங்குக்கு அனுப்பினால் போதும். சுங்கத் தாள்கள், வரி, விமானம் எல்லாவற்றையும் பிட்னி போஸ் நிறுவனம் பார்த்துக்கொண்டது. வாங்குபவரிடம் விலை, அனுப்பும் கட்டணம், இறக்குமதி வரி மூன்றையும் பணம் கட்டும் திரையிலேயே காட்டி, அங்கேயே வசூலித்துவிட்டார்கள். 2022இல் அந்த இடத்துக்கு வந்த புதிய திட்டத்தில், பொருள் வந்துசேரவில்லை என்ற புகாரையும் திரும்பி வரும் பொருளையும் ஈபேயே ஏற்றுக்கொள்கிறது. இதெல்லாம் இலவசமில்லை. பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடுகிறது என்று வாங்குபவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த முணுமுணுப்பு வாங்குவதற்கு முன்பே எழுந்தது. விலை கட்டுப்படாதவர் பேசாமல் விலகிக்கொண்டார். பார்சல் பாதி உலகம் சுற்றி வந்தபின் வாசலில் நடக்கும் தகராறு இதனால் குறைந்தது. சீட்டில் தொகையை முதலிலேயே எழுதிவிடும் உங்கள் வி.பி.பி. முறையை 135 ஆண்டுகள் கழித்து அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்தச் சீட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025இல் நாமே பார்த்துவிட்டோம்.

800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்குச் சுங்கம் இல்லை என்ற சலுகை 2016 முதல் அமெரிக்காவில் இருந்தது. அதற்கு முன் வரம்பு 200 டாலர். 2025 ஜூலை 30 அன்று அந்நாட்டு அதிபர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: ஆகஸ்ட் 29 முதல் எந்த நாட்டிலிருந்து வரும் பார்சலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. வரியை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்ற நடைமுறை தெளிவாகவில்லை. பார்சல்களை ஏற்ற விமான நிறுவனங்கள் தயங்கின. ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவுக்கான சரக்குப் பதிவை நீங்கள் நிறுத்தினீர்கள். கடிதங்களும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளும் போகும் என்றீர்கள்; சில நாட்களில் அவையும் நின்றன. நம் துறை மட்டும் இப்படித் தடுமாறவில்லை. 88 அஞ்சல் அமைப்புகள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின என்றும், ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குச் சென்ற அஞ்சல் முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால் 81 விழுக்காடு சரிந்தது என்றும் உலக அஞ்சல் ஒன்றியம் கணக்குச் சொன்னது. 1874இல் தொடங்கிய அந்த ஒன்றியத்தில் இந்தியா 1876 முதல் உறுப்பு நாடு.

சேவை மறுபடி தொடங்கியது அக்டோபர் 15 அன்று. நடுவில் போனவை ஏழு வாரங்கள். அவை எந்த ஏழு வாரங்கள் என்பதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நவராத்திரி செப்டம்பர் 22 அன்று தொடங்கியது. தீபாவளி அக்டோபர் 20. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கொலுப்படி கட்டும் வீடுகளுக்குக் காஞ்சிபுரத்துப் பொம்மையும் பண்ருட்டிப் பொம்மையும் போகவேண்டிய காலம் அது. கொலுப் பொம்மைக்கு ஆண்டில் ஒரே பருவம்தான். நவராத்திரி முடிந்தபின் போய்ச் சேரும் தசாவதாரச் செட்டை அடுத்த ஆண்டுவரை அட்டைப்பெட்டிக்குள்தான் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. நாமும் இதையே செய்தவர்கள்தாம். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் 5,000 ரூபாய் வரையிலான பொருளுக்குத் தீர்வை இல்லை என்ற சலுகை நம் நாட்டில் இருந்தது. சீன இணையக் கடைகள் விற்ற சரக்கெல்லாம் 'அன்பளிப்பு' என்ற பெயரில் வரத் தொடங்கியதும், ராக்கியையும் உயிர்காக்கும் மருந்தையும் தவிர மற்றவற்றுக்கு 2019 டிசம்பரில் அந்த வாசலை மூடினோம். ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான சிறு இறக்குமதிகளுக்கும் 10 விழுக்காடு வரி விதித்தது. 22 யூரோ வரையிலான பார்சலுக்கு இருந்த வாட் விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பது பல ஆண்டுகளாகவே தெரிந்த சேதி. சிறு பார்சல் வரியில்லாமல் எல்லை தாண்டிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் அக்டோபர் 15 அன்று நீங்கள் செய்த காரியத்தை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். அமெரிக்கச் சுங்கத்தை இங்கேயே கணக்கிட்டு, அனுப்புபவரிடம் பதிவின்போதே வசூலித்து, அந்நாட்டுச் சுங்கத்துறை அங்கீகரித்த அமைப்புகள் வழியாகச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தீர்கள். அன்றைய விகிதம் பொருளின் மதிப்பில் 50 விழுக்காடு. அதாவது 100 டாலர் பொம்மைக்கு 50 டாலர் வரி. கொடுமையான விகிதம்தான். ஆனால் விகிதங்கள் இன்று ஏறும், நாளை இறங்கும். இம்மடல் அவற்றைப் பற்றியது அல்ல. அந்த 50 டாலரை விற்பவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டார், விலையில் சேர்த்தார், வாங்குபவர் விரும்பினால் வாங்கினார். அங்கே வாசலில் தகராறுக்கு இடமில்லை. வெளிநாட்டுச் சுங்கத்தை நம்மூர்க் கவுன்ட்டரில் வசூலிக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. நீங்களே செய்து காட்டிவிட்டீர்கள்.

எங்கள் முதல் வேண்டுகோளும் அதுதான். நெருக்கடி வந்தபின் ஒரு நாட்டுக்குச் செய்ததை, நெருக்கடி வருமுன் மற்ற நாடுகளுக்கும் செய்யுங்கள்.

ஐரோப்பாவையே எடுத்துக்கொள்வோம். 150 யூரோ வரையிலான சரக்கு இணையச் சந்தை வழியாக விற்றால், வாட் வரியைச் சந்தையே வாங்குபவரிடம் வசூலித்துவிடலாம். அதற்கென்று ஒரு பதிவு எண் இருக்கிறது. அந்த எண் பார்சலுக்கு முன்னால் மின்தரவாக அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வரி கட்டாத பார்சல் என்று கருதி, வாங்குபவரிடம் வாசலில் இன்னொரு முறை வாட் கேட்பார்கள். அஞ்சல் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் அதன்மேல் ஏறும். ஒரே பொருளுக்கு இரண்டு முறை வரி. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் 'அந்த எண் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்குரிய கட்டத்தில் தட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பெண்களுக்கோ அந்த எண்ணே கிடையாது. அவர்களுக்கு அமெரிக்க முறையைப் போலவே வரியை இங்கே கட்டிவிட்டுப் போகும் வழி வேண்டும். 150 யூரோவுக்குக் குறைந்த சரக்குக்கும் 2026 ஜூலை 1 முதல் தலா 3 யூரோ சுங்கம் விதிக்க ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டன. இன்னோர் ஆகஸ்ட் 25 வரக்கூடாது. வரத்தான் செய்யும் என்றால் முன்னறிவிப்போடு வரட்டும். எந்தத் தேதிவரை பதிவு செய்யலாம், வழியில் இருக்கும் பார்சல் என்ன ஆகும், கட்டிய கட்டணம் எப்படித் திரும்பும் என்ற விவரம் ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டப்படட்டும்.

இரண்டாவது வேண்டுகோள் தாள்களைப் பற்றியது. சுவாமிமலைச் சிற்பியின் நிலையைப் பாருங்கள். காவிரி வண்டலில் அச்செடுத்து, மெழுகை உருக்கி வடித்து, போன மாதம் வார்த்த நடராசர் அது. பழமை தெரியும்படி மெருகேற்றித் தரச் சொல்லி வாங்குபவர் கேட்டிருப்பார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. சிலைத் திருட்டு மலிந்த மாநிலம் இது. சட்டம் கறாராக இருப்பதே முறை. ஆகவே சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றைக் கேட்பார். அது இல்லையென்றால் போன மாதம் பிறந்த நடராசர் ராசராசன் காலத்தவர் ஆகிவிடுவார். இது சிற்பியின் குற்றமும் இல்லை, அதிகாரியின் குற்றமும் இல்லை. பார்சலைப் பதிவு செய்யும்போதே 'இதற்குச் சான்று தேவைப்படும், இங்கே வாங்குங்கள்' என்று சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. கும்பகோணம் வட்டாரத்தில் மாதம் ஒரு நாள் தொல்லியல் துறை அதிகாரியை உட்காரவைத்துச் சான்று வழங்க நீங்கள் அத்துறையோடு பேசி ஏற்பாடு செய்யலாம். உலோகச் சிற்பம், உணவுப் பண்டம், மரப்பொருள், துணி என்று வகைக்கு ஒரு பக்கமாக எந்தத் தாள் வேண்டும், சுங்கக் குறியீட்டு எண் எது என்று எழுதிய ஒரு சிறு கையேடு ஒவ்வொரு மையத்திலும் இருக்கட்டும். ஏற்றுமதியாளர் எண்ணுக்கு எங்கே விண்ணப்பிப்பது, ஜி.எஸ்.டி. இல்லாமல் ஏற்றுமதி செய்ய உறுதிமொழிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டும் எப்படிப் பதிவது என்பனவும் அதில் இடம்பெறட்டும்.

மூன்றாவது, அளவு. தலையாட்டிப் பொம்மை காகிதக்கூழில் ஆனது. எடை குறைவு, இடம் அதிகம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைத்தான் கூரியர்கள் கிலோவாகக் கொள்கிறார்கள். 40க்கு 30க்கு 30 பெட்டி என்றால் 7.2 கிலோ. தராசில் வைத்தால் இரண்டு கிலோதான் இருக்கும். விற்பவருக்கு இது தெரிவது பில் வந்த பிறகு. உங்கள் சேவைகளில் எதற்கு எடைக் கணக்கு, எதற்குக் கொள்ளளவுக் கணக்கு, எந்தப் பெட்டியில் கட்டினால் எவ்வளவு மிச்சம் என்பதைக் கவுன்ட்டரிலேயே அளந்து சொல்லிவிடுங்கள். தையல்காரர் முதலில் அளவெடுத்துவிட்டுத்தான் துணியை வெட்டுகிறார்.

கடைசியாக, திரும்பி வரும் பார்சல். இணைய வியாபாரத்தில் இதை யாரும் தவிர்க்க முடியாது. நிறம் பிடிக்கவில்லை என்றால் புடவை திரும்பி வரும். முகவரி தவறினால் விளக்கு திரும்பி வரும். ஏற்றுமதியான பொருள் திரும்பினால் தீர்வை விலக்குக்கு நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் போன பொருளும் வந்த பொருளும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதவர் தான் நெய்த புடவைக்குத் தானே இறக்குமதி வரி கட்டும் நிலை வரும். அனுப்பியபோது உங்கள் கணினியில் பதிந்த ஏற்றுமதி அறிவிப்பும் கண்காணிப்பு எண்ணும் படமும் இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு? அந்தப் பதிவையே சான்றாக ஏற்கச் சுங்கத்துறையோடு ஓர் உடன்பாடு காணுங்கள். ஒவ்வோர் ஏற்றுமதி மையத்திலும் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒருவரைப் பொறுப்பாளராக அறிவியுங்கள். பார்சல் எந்த நாட்டில் நின்றாலும் விற்பவர் அவரிடமே கேட்கட்டும். விற்பவருக்கு வெளிநாட்டு அஞ்சல் துறையைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் வேண்டும், டெல்லியின் ஒப்புதல் வேண்டும் என்பதை அறிவோம். வாட் எண்ணுக்கான கட்டமும் சுங்கக் கணக்கும் உங்கள் ஒருவர் கையில் இல்லை. ஆனால் பெயர்ப்பலகையும், கையேடும், சுவரில் ஒட்டும் அறிவிப்பும், அளவெடுத்துச் சொல்லும் பொறுமையும், பொறுப்பாளரின் பெயரும் இந்த வட்டத்துக்குள்ளேயே முடியக்கூடியவை. அவற்றை இந்த ஆண்டே தொடங்குங்கள். மற்றவற்றுக்கு டெல்லிக்கு எழுதுங்கள். நாங்களும் எழுதுகிறோம்.

பெரிய வியாபாரிக்கு முகவர் இருக்கிறார், கப்பல் இருக்கிறது, கணக்கர் இருக்கிறார். மாதத்துக்கு ஆறு பொம்மை விற்கும் வீட்டுக்கு இருப்பது தெருமுனை அஞ்சலகம் ஒன்றுதான். நாட்டில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன. எந்தத் தனியார் நிறுவனமும் இத்தனை வாசல்களை வைத்துக்கொண்டு சரக்குக்குக் காத்திருக்கவில்லை.

அந்த வாசலில் பார்சலோடு வந்து நிற்பவருக்கு நீங்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அனுப்பும் கட்டணம் இவ்வளவு, அந்நாட்டு வரி இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, கேட்க வேண்டியவர் இன்னார். கடலுக்கு அப்பால் கதவைத் திறக்கிறவரிடமும் அதே சீட்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்